பேத்தி ரிப்போர்ட்டில் பொட்டாசியம் ஜீன்: வாழைப்பழம் கொடுத்தால் சரியாகுமா?

சாட்ஸ்வொர்த் ஆயா (ஞாயிறு, இரவு 8:15)

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் முப்பது வருஷம் அ, ஆ சொல்லிக்கொடுத்தவள் நான். இன்று ஒரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து ஏழு வாரம். மூன்றாம் நாள் காலையில் நான்தான் மடியில் வைத்திருந்தேன். பால் குடித்து முடித்தவள் திடீரென்று முகத்தை இடப்பக்கம் திருப்பினாள். இடது கை நேராக நீட்டி விறைத்தது. உதடு ஊதா நிறம். அப்புறம் கை வெட்டி வெட்டி இழுத்தது. ஒரு நிமிஷம் இருக்கும், எனக்கு ஒரு யுகம். முடிந்ததும் ஒன்றுமே நடக்காதது போல் மறுபடி பாலுக்கு வாயைத் திறந்தாள். அன்று சாயந்தரம் வலது கையில் அதேபோல். மறுநாள் ஏழு தடவை.

சர்க்கரை, கால்சியம், முதுகுத் தண்டு நீர், ஸ்கேன் எல்லாம் பார்த்தார்கள், எதிலும் குறையில்லை. முதலில் ஃபீனோபார்ப் என்ற வலிப்பு மருந்து கொடுத்தார்கள், அது சரியாகக் கேட்கவில்லை. பிறகு டெக்ரெட்டால் என்ற இன்னொரு வலிப்பு மருந்து, சிரப்பாக. இரண்டு நாளில் நின்றது. ரத்தம் எடுத்து ஜீன் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். போன வாரம் வந்த ரிப்போர்ட்டில் கேசிஎன்க்யூ2 (KCNQ2) என்று போட்டிருக்கிறது. பொட்டாசியம் சேனல் ஜீனாம். அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

என் தங்கை சொல்கிறாள், பொட்டாசியம் குறைச்சல் என்றால் வாழைப்பழமும் இளநீரும்தான் மருந்து என்று. பால் கொடுக்கிற மகள் ஒரு நாளைக்கு ஆறு பழம் சாப்பிடுகிறாள். குழந்தைக்கும் இரண்டு சொட்டு இளநீர் வைக்கலாமா என்று கேட்கிறாள் தங்கை. வைக்கலாமா?

இன்னொன்றும் இருக்கிறது. சம்பந்தியம்மா, "எங்கள் பக்கம் யாருக்கும் இப்படிக் கிடையாது" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். எங்கள் பக்கமும் கிடையாது. அப்படியானால் எங்கிருந்து வந்தது?

இரவுப்பணி (ஞாயிறு, இரவு 11:50)

அக்கா, நான் பச்சைக் குழந்தைகள் ஐசியு நர்ஸ். திருநெல்வேலியிலிருந்து டர்பனுக்கு வந்து எட்டு வருஷம். இடைவேளையில் எழுதுகிறேன், பிழை இருந்தால் டீச்சர் மன்னிக்கணும்.

இளநீர் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். ஏழு வாரக் குழந்தைக்குத் தாய்ப்பாலையும் மருத்துவர் கொடுத்த மருந்தையும் தவிர எதுவும் வேண்டாம். அதுவும் இளநீரில் பொட்டாசியம் அதிகம், அந்தச் சின்னச் சிறுநீரகத்துக்கு ஏன் வீண் வேலை? மகள் வாழைப்பழம் சாப்பிடட்டும், மலச்சிக்கலுக்காவது உதவும். வலிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உங்கள் பேத்திக்குப் பொட்டாசியம் குறையவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் ரத்தப் பொட்டாசியம் அளவு இருக்கும், பாருங்கள், சரியாகவே இருக்கும். கோளாறு அது வெளியேறும் வழியில்.

குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். மூளையின் நரம்பு செல்லுக்குள் பொட்டாசியம், வெளியே இருப்பதைவிட முப்பது மடங்கு போல இருக்கும். செல் கிளர்ச்சியாகி மின்னழுத்தம் ஏறும்போது சில வாய்க்கால்கள் மெதுவாகத் திறந்து கொஞ்சம் பொட்டாசியத்தை வெளியே விடும். அழுத்தம் இறங்கும். விசில் வருவதற்கு முன்னாலேயே வெயிட் ஓரமாக உஸ் என்று ஆவி கசியுமே, அதே வேலை. அந்த வெயிட்டைச் செய்கிற குறிப்புதான் கேசிஎன்க்யூ2 ஜீன். அதில் எழுத்துப் பிழை வந்தால் ஆவி போதுமான அளவு கசியாது, செல் விசில் மேல் விசில் அடிக்கும். பக்கத்துச் செல்களும் கூடச் சேர்ந்து அடித்தால் அதுதான் ஃபிட்ஸ். வெயிட் அடைத்த குக்கரில் இன்னும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? அந்தத் தண்ணீர்தான் உங்கள் தங்கையின் வாழைப்பழம்.

நீங்கள் எழுதியிருப்பது, அதாவது இரண்டாம் மூன்றாம் நாளில் தொடக்கம், ஒரு பக்கம் விறைப்பு, பிறகு வெட்டு, அடுத்த தடவை மறுபக்கம், நடுவில் குழந்தை நன்றாகப் பால் குடிப்பது, எல்லாம் அப்படியே பாடப்புத்தகம். இரண்டு கேள்வி. ஃபிட்ஸ் இல்லாத நேரத்தில் எடுத்த ஈஈஜி (மூளை மின்னலைப் பதிவு) எப்படி இருந்தது? அம்மா, அப்பா இருவருக்கும் ரத்தம் பார்த்தார்களா?

கரும்புத்தோட்டம் (திங்கள், காலை 6:20)

படித்ததும் தூக்கம் போய்விட்டது. எனக்கு 76 வயது. டொங்காட் பக்கம் கரும்புத் தோட்டத்து பாராக்ஸில் பிறந்தவன்.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு பெயரே உண்டு: மூணாம் நாள் வெட்டு. என் தாயார் ஏழு பிள்ளை பெற்றார். நாலு பேருக்கு வந்தது, நானும் அதில் ஒருவன். தாயாரின் தம்பி ஒருவருக்கும் வந்ததாம். குழந்தை பிறந்த மூன்றாம் நாள் ஆயா வேறு வேலையே பார்க்கமாட்டார். கதவுப் பக்கம் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து பிள்ளையின் கையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். விறைத்தால் பெரிய இரும்புச் சாவி ஒன்றை அந்தச் சின்ன உள்ளங்கையில் வைத்து மூடுவார். மாரியம்மனுக்கு ஒரு சேவல் நேர்ந்துவிடுவார். ஒன்றரை மாதம், இரண்டு மாதம், நின்றுவிடும். சேவல்தான் பாவம்.

நாலு பேரும் நன்றாக வளர்ந்தோம். பள்ளிக்கூடம், வேலை, எல்லாம். என் தம்பிக்கு மட்டும் பதினைந்து வயதில் இரண்டு தடவை வந்தது, அப்புறம் இல்லை. எங்கள் ஆண் பக்கத்தார் தாயாரைத்தான் ஏசினார்கள், "உன் ரத்தம்" என்று. அவர் ஒரு பதிலும் சொல்லிக் கேட்டதில்லை நான்.

சாவிக்கும் நின்றதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். இது அந்த வியாதிதானா? அதைச் சொல்லுங்கள்.

மருந்துக்கடை (திங்கள், மதியம் 1:05)

தாத்தா, ரத்தம் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் சொன்னது இந்த வியாதி புத்தகத்தில் ஏறிய கதையேதான். நான் வெருலத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன், பழைய கதையில் கொஞ்சம் பைத்தியம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1964-ல் வியன்னாவில் ரெட் என்ற மருத்துவரும் அவருடைய சகாவும் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளுக்குப் பிறந்த மூன்றாம் நாளில் வலிப்பு, பிறகு தானாக நின்றுவிடும். (ரெட் சிண்ட்ரோம் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அதே ரெட்தான்.) அவரிடம் ஜீன் பரிசோதனையா இருந்தது? உங்கள் ஆயாவைப் போல முக்காலி போட்டு உட்கார்ந்த பாட்டிகள்தான் ஆதாரம். 1989-ல் இது 20-ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். குரோமோசோமில் இடம் குறித்த முதல் சில வலிப்பு நோய்களில் இதுவும் ஒன்று. 1998-ல் ஜீனே கையில் கிடைத்தது. அதே வருஷம் இன்னொன்றும் தெளிவானது. நரம்பு செல்லில் 'எம் மின்னோட்டம்' என்று ஒரு தடுப்பு ஓட்டம் இருப்பதை 1980-லேயே கண்டு வைத்திருந்தார்கள், அதைச் செய்கிற வாய்க்கால் எது என்றுதான் தெரியாமல் இருந்தது. கேசிஎன்க்யூ2-ம் அதன் தம்பி கேசிஎன்க்யூ3-ம் சேர்ந்து கட்டும் வாய்க்கால்தான் அது. ஒரு வாய்க்காலுக்கு நாலு துண்டு.

ஏன் பச்சைக் குழந்தைக்கு மட்டும் வந்து பிறகு நிற்கிறது? பெரியவர்கள் மூளையில் காபா என்ற ரசாயனம் செல்களை அடக்கும். பிறந்த குழந்தையின் மூளையில் அது இன்னும் அந்த வேலைக்கு வரவில்லை, சில சமயம் எதிர்வேலையே செய்யும். அந்த வாரங்களில் பிரேக் என்று பார்த்தால் பெரும்பாலும் இந்த வாய்க்கால்தான். அதன் ஓட்டம் கால் பங்கு குறைந்தாலே வலிப்பு வரலாம் என்று சோதனையில் பார்த்திருக்கிறார்கள். மூளை வளர வளர மற்ற பிரேக்குகள் வந்து சேர்ந்துவிடுகின்றன. உங்கள் தம்பிக்குப் பதினைந்தில் வந்ததும் பொருந்துகிறது. இப்படிக் குழந்தையில் வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்குப் பின்னாளில் வலிப்பு திரும்ப வருவதுண்டு.

சாட்ஸ்வொர்த் ஆயா (திங்கள், இரவு 7:30)

அப்பா, கொஞ்சம் மூச்சு வந்தது. ஈஈஜி இடைநேரத்தில் "ஏறக்குறைய சரி" என்று எழுதியிருக்கிறது. பெற்றோருக்கு இன்னும் பார்க்கவில்லை. குழந்தை போன வாரம் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆக இது தானாகச் சரியாகிவிடும், அப்படித்தானே?

லெனேஷியா அப்பா (திங்கள், இரவு 10:42)

ஆயா, உங்கள் பேத்திக்கு அப்படியே ஆகட்டும். மனதாரச் சொல்கிறேன். ஆனால் இந்த இழையைத் தேடி வந்து படிக்கப்போகிறவர்களில் என்னைப் போன்றவர்களும் இருப்பார்கள். அதனால் எழுதுகிறேன்.

என் மகனுக்கு ஒன்பது வயது. அவனுக்கும் அதே கேசிஎன்க்யூ2. பிறந்த முதல் நாளே வலிப்பு. ஒரு நாளைக்கு எண்ண முடியாத அளவு. இடைநேர ஈஈஜி-யும் நன்றாக இல்லை: கொத்தாக ஒரு வெடிப்பு, பிறகு நேர்கோடு, மறுபடி வெடிப்பு. மூன்று வயதில் வலிப்பு ஏறக்குறைய நின்றுவிட்டது. நின்றபோது எல்லோரும் இனிப்பு கொடுக்கச் சொன்னார்கள். அவன் இன்றுவரை பேசவில்லை. தாங்கிப் பிடித்தால்தான் உட்காருவான். என் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டால் சிரிப்பான், நான் வேலையிலிருந்து வந்துவிட்டேன் என்று தெரியும்.

அவனுக்கு ஒரு வயதாகும்போது ஒரு மருத்துவர் ரிப்போர்ட்டில் ஜீன் பெயரைப் பார்த்துவிட்டு இணையத்தில் தேடி, "இது நல்ல வகை, தானாகப் போய்விடும்" என்றார். ஒன்றரை வருஷம் அதை நம்பிக் காத்திருந்தோம். அந்த ஒன்றரை வருஷம் பிசியோ, ஸ்பீச் எதற்கும் போகவில்லை. இதே ஜீனில் இப்படிக் கடுமையான வகை ஒன்று இருக்கிறது என்று 2012-லேயே எழுதப்பட்டுவிட்டது. அவர் படித்தது பழைய பக்கம்.

அதனால் "கேசிஎன்க்யூ2 என்றால் சரியாகிவிடும்" என்று யாரும் எழுதாதீர்கள். எழுத்து மாறிய இடம், இடைநேர ஈஈஜி, பெற்றோரின் ரத்தம், மூன்றும் பார்த்துத்தான் பேச வேண்டும்.

இரவுப்பணி (செவ்வாய், அதிகாலை 3:10)

அண்ணா சொன்னது நியாயம். நான் பாடப்புத்தகம் என்று எழுதியபோது இதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். மன்னியுங்கள்.

குக்கர் கதையிலேயே முடிக்கிறேன். வாய்க்கால் நாலு துண்டில் கட்டியது என்று மருந்துக்கடை சொன்னாரே, அங்கேதான் வித்தியாசம். நம் எல்லோருக்கும் ஒவ்வொரு ஜீனும் இரண்டு பிரதி. லேசான வகையில் கெட்ட பிரதி துண்டே செய்வதில்லை, அல்லது செய்தது வேலைக்கு ஆகாமல் ஒதுங்கிவிடும். நல்ல பிரதி செய்கிற துண்டுகளை வைத்து வாய்க்கால்கள் குறைவாக, ஆனால் ஒழுங்காக அமையும். கடுமையான வகையில் பெரும்பாலும் கெட்ட துண்டு மற்ற நல்ல துண்டுகளோடு போய்ச் சேர்ந்து உட்கார்ந்துகொள்ளும். நாலில் ஒன்று கெட்டாலும் முழு வாய்க்காலும் கெட்டுப்போகும். கெட்டது ஒரு பிரதிதான், நட்டம் பாதிக்கு மேல்.

இன்னொரு வித்தியாசம், லேசான வகை அநேகமாகக் குடும்பத்தில் ஓடும். கடுமையானது அநேகமாக அந்தக் குழந்தையிடம்தான் புதிதாக வரும். அண்ணா, உங்கள் இருவர் ரத்தத்திலும் இல்லை என்றுதானே சொன்னார்கள்?

லெனேஷியா அப்பா (செவ்வாய், காலை 5:55)

ஆமாம், இல்லை. அடுத்த பிள்ளைக்கு வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை என்றார்கள். ரத்தத்தில் தெரியாமல் சில விந்தணுவிலோ முட்டையிலோ மட்டும் அந்தப் பிழை ஒளிந்திருக்கலாமாம். நாங்கள் அதற்குமேல் யோசிக்கவில்லை. சரி, அது வேறு கதை.

மருந்துக்கடை (செவ்வாய், மதியம் 12:40)

லெனேஷியா நண்பரே, படித்துவிட்டுக் கடையில் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மருந்து பற்றி ஒரு வார்த்தை. கோளாறு பொட்டாசியம் வாய்க்காலில், ஆனால் டெக்ரெட்டால் தொடுவது சோடியம் வாய்க்காலை. தப்பு மருந்தோ என்று பயப்பட வேண்டாம். வெயிட் சரியில்லை என்றால் அடுப்பைக் குறைக்கலாம் அல்லவா? சோடியம் உள்ளே பாய்வதுதான் அடுப்பு. கேசிஎன்க்யூ2 குழந்தைகளுக்கு ஃபீனோபார்பைவிட இந்த வகை மருந்துகள் நன்றாகக் கேட்கின்றன என்பது இப்போது குழந்தை நரம்பியல்காரர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம்.

ஒரு எச்சரிக்கை. டெக்ரெட்டால் ஆரம்பித்த முதல் சில வாரங்களில் தோலில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். ஹெச்எல்ஏ-பி 15:02 என்ற ஜீன் வகை உள்ளவர்களுக்குத் தோல் உரிகிற கடுமையான ஒவ்வாமை வரலாம். அது ஆசிய வம்சாவளியினரிடம் அதிகம், இந்தியர்களிலும் உண்டு. 2007-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஆசிய வம்சாவளியினருக்கு இதைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டது. நம் முன்னோர் இந்தியாவிலிருந்து இங்கே கப்பலேறி வந்து 160 வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஆனால் ரத்தம் இன்னும் அந்தக் கரையைச் சேர்ந்தது.

வெயிட்டையே தூக்கிவிடும் மருந்தும் ஒன்று வந்தது. ரெட்டிகாபின். 2011-ல் பெரியவர்களின் வலிப்புக்கு அனுமதி கிடைத்தது. நேராக இந்த வாய்க்காலையே திறக்கும். ஆனால் நாள்பட எடுத்தவர்களுக்கு நகமும் தோலும் நீலம் பூத்தன, விழித்திரையிலும் நிறம் படிந்தது. 2017-ல் சந்தையை விட்டே போய்விட்டது. அதே வழியில் வேலை செய்யும் புதிய மருந்துகள் இப்போது சோதனையில் இருக்கின்றன.

லெனேஷியா அப்பா (செவ்வாய், இரவு 9:15)

அதிலும் ஒரு கொக்கி. சில குழந்தைகளுக்கு இதே ஜீனில் பிழை நேர்மாறாக இருக்கும், வாய்க்கால் மூடவேண்டிய நேரத்திலும் திறந்தே கிடக்கும். அவர்களுக்குத் திறக்கிற மருந்தைக் கொடுத்தால் எரிகிற வீட்டில் எண்ணெய். அதனால்தான் ஜீன் பெயர் மட்டும் போதாது, எந்த எழுத்து என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். என் மகனுடையதை நான் வங்கிக் கணக்கு எண் மாதிரி மனப்பாடமாகச் சொல்வேன்.

காவடிக்காரன் (புதன், மாலை 6:33)

இழைக்குக் கொஞ்சம் வெளியே. எனக்குப் பத்தொன்பது வயதிலிருந்து ஃபிட்ஸ். என்ன ஜீன் என்று யாரும் பார்க்கவில்லை. நேர்த்திக்கடன் பேச்சு வந்ததால் சொல்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன் தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதம். விரதத்தில் மாத்திரை எதற்கு, முருகன் பார்த்துக்கொள்வான் என்று ஆறாம் நாள் நிறுத்திவிட்டேன். யாரும் சொல்லவில்லை, நானே எடுத்த முடிவு. பூசத்தன்று பிப்ரவரி வெயில், வெறுங்கால், தோளில் காவடி, முன்னால் மேளம். கோயில் வாசலுக்கு முப்பது அடி இருக்கும்போது விழுந்தேன். கண் விழித்தபோது மயிலிறகெல்லாம் ரோட்டில், நாக்கு கடிபட்டு ரத்தம். சாமி வந்துவிட்டது என்று நினைத்து ஒரு பாட்டி என் நெற்றியில் திருநீறு பூசி வாக்கு கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பேரனுக்கு வேலை கிடைக்குமா என்று.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும் என்று அப்புறம்தான் எனக்குச் சொன்னார்கள். இப்போதும் காவடி எடுக்கிறேன். மாத்திரை வேட்டி மடிப்பில்.

இரவுப்பணி (புதன், இரவு 8:02)

சிரித்துவிட்டேன், மன்னிக்கணும். ஆனால் அந்தக் கூட்டத்தில் யாராவது உங்களை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்களா? அதுதான் முதலில் செய்ய வேண்டியது. வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கையில் சாவி வேண்டாம், இழுக்கிற கையை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆம்புலன்ஸ், 10177. கைப்பேசியிலிருந்து 112.

கேப்டவுன் மாணவி (வியாழன், காலை 10:18)

அண்ணன்மாரே, அக்காமாரே, நான் உயிரியல் படிக்கிறேன். இந்த ஜீனுக்கு ஒரு அண்ணன் இருப்பதையும், அந்த அண்ணனுக்கு நம் நாட்டோடு ஒரு சொந்தம் இருப்பதையும் யாரும் சொல்லவில்லையே!

கேசிஎன்க்யூ1. அது இதயத்துக்கு. 1996-ல் முதலில் கிடைத்தது அதுதான். அதன் சாயலைத் தேடிப் போனபோதுதான் 2-ம் 3-ம் கிடைத்தன. (4 காதுக்கு, அது கெட்டால் செவிட்டுத்தன்மை.) அண்ணன் கெட்டால் இதயத் துடிப்பு தடம் மாறும், ஓடும்போதோ பயந்துபோகும்போதோ ஆள் மயங்கி விழுவார், கை கால் இழுக்கும். பார்ப்பவர்கள் வலிப்பு என்றுதான் நினைப்பார்கள். தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்கானர் (டச்சு வழி வெள்ளையர்) குடும்பங்கள் இருபதுக்கு மேல் இந்த ஜீனில் ஒரே ஒரு பிழையைச் சுமக்கின்றன. வம்சாவளியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால், எல்லாம் சுமார் முந்நூறு வருஷத்துக்கு முன் கேப்பில் வாழ்ந்த ஒரு தம்பதியிடம் போய் நிற்கிறது.

அதனால் ஓடும்போது விழுகிற பிள்ளைக்கு ஈஈஜி மட்டும் போதாது, இதயத்துக்கான ஈசிஜி-யும் எடுக்கச் சொல்லுங்கள். மலிவான பரிசோதனை, பத்து நிமிஷம்.

கரும்புத்தோட்டம் (வியாழன், மதியம் 2:47)

மாணவியே, வெள்ளைக்காரனுக்குக் கேப் பதிவேடு என்றால் நமக்குக் கப்பல் பதிவேடு. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு, அதாவது டர்பன் இருக்கும் நம் மாகாணத்துக்கு, ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், எந்தத் தோட்டத்துக்குப் போனார் என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். என் தாயாரின் பாட்டி எண்ணை நான் எடுத்து வைத்திருக்கிறேன். ஊர்: வட ஆற்காடு. உடல் அடையாளம்: இடது கன்னத்தில் தழும்பு. மூணாம் நாள் வெட்டு என்று எந்தக் குமாஸ்தா எழுதுவான்? ஆனால் அது அந்தக் கப்பலில்தான் வந்திருக்க வேண்டும் என்று இந்த வாரம் முழுக்க எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

லெனேஷியா அப்பா (வியாழன், இரவு 8:20)

ஆயா, பெற்றோர் பரிசோதனைக்குச் செலவு அதிகம் என்று பயந்து தள்ளிப்போடாதீர்கள். குழந்தைக்குச் செய்தது பெரிய சல்லடை, அதுதான் விலை. பெற்றோருக்குத் தெரிந்த ஒரே எழுத்தை மட்டும் தேடினால் போதும். வலிப்பு மருந்துகளை மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) கட்டாயம் கொடுத்தாக வேண்டும், நாள்பட்ட நோய்ப் பட்டியலில் வலிப்பு இருக்கிறது. ஜீன் பரிசோதனைக்கு எங்களுடையது முதலில் மறுத்துவிட்டது. "முடிவைப் பொறுத்து மருந்தே மாறும்" என்று நரம்பியல் மருத்துவர் கடிதம் கொடுத்த பிறகு பாதி கொடுத்தார்கள்.

வயதில் பெரியவர்கள் யாராவது உயிரோடு இருந்தால் அவர்களைக் கேளுங்கள். அதற்குக் காசே இல்லை.

சாட்ஸ்வொர்த் ஆயா (ஐந்து வாரம் கழித்து, சனி, மாலை 4:05)

பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். முடிவு வரட்டும் என்று இருந்தேன்.

மாப்பிள்ளைக்கு இல்லை. மகளுக்கு இருக்கிறது. அதே எழுத்து.

மகள் பிறந்தபோது நான் ஒரு நாள்கூடக் கண்ணை எடுக்கவில்லை, அவளுக்கு எதுவும் வரவில்லை. பிழை இருந்தும் வலிப்பே வராதவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர் போல இருப்பார்களாம். சரி, அவளுக்கு எங்கிருந்து? என் கணவர் காலமாகிவிட்டார். என் அம்மா நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே போய்விட்டார். மிச்சம் ஸ்டாங்கரில் இருக்கும் பெரியம்மா ஒருவர்தான், 88 வயது. போன ஞாயிறு போனேன். காது சரியாகக் கேட்காது. பேத்திக்கு வந்ததைச் சத்தமாகச் சொல்லி, என் கையை விறைத்துக் காட்டினேன்.

பெரியம்மா என் இடது கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு இந்தக் கை" என்றார்.

எனக்கு வந்திருக்கிறது. பிறந்த நாலாம் நாள். அம்மாவும் பெரியம்மாவும் மாறி மாறி ராத்திரி விழித்திருக்கிறார்கள். வெளியில் சொன்னால் பெண் பிள்ளைக்குப் பிற்காலத்தில் மாப்பிள்ளை கிடைக்காது என்று இருவரும் பேசி மூடிவிட்டார்களாம். அறுபத்தொரு வருஷம். "உங்கம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன், அதான் சொல்லல" என்றார்.

வீட்டுக்கு வந்து சம்பந்தியம்மாவுக்கு போன் செய்து, எங்கள் பக்கம்தான், என்னிடமிருந்துதான் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்படின்னா அறுபது வயசுக்கு அவளும் உங்கள மாதிரி பேசுவா" என்றார். திட்டினாரா, வாழ்த்தினாரா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

குழந்தைக்குக் கடைசியாக ஃபிட்ஸ் வந்து இரண்டு மாதம் ஆகிறது. கழுத்து நின்றுவிட்டது, கிலுகிலுப்பையைத் தேடித் திரும்புகிறாள். டெக்ரெட்டாலைச் சில மாதம் பார்த்துவிட்டு மெதுவாகக் குறைப்போம் என்றார் மருத்துவர். தோலில் எதுவும் வரவில்லை, தினமும் குளிப்பாட்டும்போது பார்க்கிறேன். மகளுக்கு இன்னொரு குழந்தை பிறந்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பாம். மூன்றாம் நாள் முக்காலி போட்டு உட்கார நான் இருக்கிறேன்.

லெனேஷியா தம்பி, உங்கள் மகனை நினைக்காத நாள் இல்லை.

லெனேஷியா அப்பா (சனி, மாலை 6:40)

நல்ல செய்தி ஆயா. இன்று காலை அவன் கிலுகிலுப்பையை ஒரு தடவை கையில் பிடித்தான். உடனே போட்டுவிட்டான். ஆனால் பிடித்தான்.

கரும்புத்தோட்டம் (சனி, இரவு 7:12)

அம்மா, ஒன்று கேட்க வேண்டும். உங்கள் தாயாரும் பெரியம்மாவும் பிறந்தது ஸ்டாங்கரிலேயா, இல்லை வேறு தோட்டத்திலிருந்து வந்தவர்களா? அவர்களுடைய ஆயாவின் ஊர், கப்பல், எண் ஏதாவது தெரியுமா? எங்கள் குடும்பத்தில் பெண் ஒருத்தி கல்யாணமாகி வடக்கே ஸ்டாங்கர் பக்கம் போனாள் என்று தாயார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு போக்குவரத்தே இல்லை.

சாட்ஸ்வொர்த் ஆயா (சனி, இரவு 8:30)

தாத்தா, பெரியம்மா எட்டு மணிக்கே படுத்துவிடுவார். நாளைக் காலை போன் செய்து கேட்கிறேன். இடது கன்னத்துத் தழும்பையும் சேர்த்துக் கேட்கிறேன்.